தந்தியில் மூன்று காலியிடங்கள்

அனுப்பியாகிவிட்டது. இனி என்ன. திரும்ப வாங்க முடியுமா என்று அந்தக் கவுண்டர்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு மணியார்டர் அனுப்பிய ஆள் மாதிரி நிதானமாகப் படியிறங்கி வந்தேன். இப்போது பஸ் ஸ்டாண்டில், சுனையன்குறிச்சி பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பெஞ்சு கொதிக்கிறது. நிழலுக்குப் போகலாம், போனால் இறங்குகிறவர்கள் முகம் தெரியாது. வேகட்டும். மாதரசி இந்நேரம் எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ, பெஞ்சு கொடுத்தார்களோ, தரையில் உட்காரச் சொன்னார்களோ. சீ, என்ன நினைப்பு இது. அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று உனக்கு எவன் சொன்னான்? ஒருத்தனும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். ஐகோர்ட் தலைமை நீதிபதிக்கும் கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். மின்சார வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கிற ஞானதிரவியம், ஆபீஸில் இன்ஜினியர் கூப்பிட்டால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துவிட்டு உள்ளே போகிற ஞானதிரவியம், என் மனைவியைக் காவல்துறை சட்டவிரோதமாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டது, உயிருக்கு ஆபத்து, உடனே தலையிடவும் என்று இங்கிலீஷில் தந்தி கொடுத்துவிட்டான். கையெழுத்தும் அவனுடையதுதான்.

அவள் எழுதி வைத்த தந்திதான். ஒவ்வொரு தடவை இப்படி வெளியூர் கிளம்பும்போதும் பூஜை மாதிரி இதைச் செய்துவிட்டுத்தான் போவாள், நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், பூஜை என்று சொன்னால் அம்மா இருந்தால் திட்டியிருப்பாள். தந்தி வாசகத்தைத் தயாராக எழுதி, யாரை, எந்த இடத்தில், யார், எப்போது என்பதில் பெயரை மட்டும் நிரப்பி மற்ற மூன்றுக்கும் கோடு போட்டுவிட்டு, மேஜைமேல் மிளகாய்ப்பொடி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவாள். அவர்கள் மனித உரிமைக் குழுவில் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். போலீஸ் ஒருத்தரை இன்றைக்குப் பிடித்துவிட்டு நாளை மறுநாள் பிடித்ததாகக் கணக்குக் காட்டும், நடுவில் நடப்பதற்குக் கேள்வி கிடையாது, அதனால் பிடித்த அன்றே தந்தி போய்விட வேண்டும், தந்தியில் விழுகிற தேதியையும் நேரத்தையும் எந்த இன்ஸ்பெக்டராலும் அழிக்க முடியாது என்பாள். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் சாப்பிடாமல் எழுந்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் காகிதத்தை எடுக்க வேண்டி வரவில்லை. சாயங்காலம் வந்து அவளே எடுத்துக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவாள். இன்றைக்கும் தெளிவாகத்தான் சொல்லிவிட்டுப் போனாள். மத்தியான பஸ்ல நான் வரலன்னா பதறாதிய, அடுத்த பஸ்ஸையும் பாருங்க, அதுலயும் இல்லன்னா மதுரைக்குப் போன் பண்ணுங்க, அதுக்கு அப்புறம்தான் தந்தி. எத்தனை தெளிவு. நான் என்ன செய்தேன்? மத்தியான பஸ்ஸில் அவள் இல்லை என்றதும் நேரே தந்தி ஆபீஸுக்கு ஓடினேன். அந்தக் கண்டக்டர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “வக்கீலம்மாவா? காலையில இறங்குனாவ, திரும்ப ஏறலையே அண்ணாச்சி. நாங்க வாரையில விலக்குல ஒரு போலீஸ் ஜீப்பு நின்னுச்சு, வேற ஒண்ணும் தெரியாது.” வேற ஒண்ணும் தெரியாதாம். இதற்குமேல் என்ன தெரிய வேண்டும்? அந்த ஊருக்குள் போகிற ரோடு மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற இடம்தான் விலக்கு, அவள் பஸ்ஸுக்கு அங்கேதான் வந்து நிற்க வேண்டும், அங்கே ஜீப் நிற்கிறது என்றால். மதுரை சீனியர் வக்கீலுக்கு எஸ்.டி.டி. போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன், இந்தத் தடத்தில் உள்ள எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்று ஒருத்தி சாவகாசமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதுவரைக்கும்கூடத் தப்பில்லை. அவசரப்பட்டான், பொண்டாட்டிக்கு என்ன ஆச்சோ என்ற பயத்தில் அவசரப்பட்டான், மன்னிக்கலாம். அந்தக் கோடுகள்தான். கவுண்டர்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “அண்ணாச்சி, இங்கன கோடு போட்டு வெறுமன விட்டுருக்கே, கோட்டுக்கு நான் என்னத்த அடிக்க? எந்த எடத்துல வச்சுப் பிடிச்சாவ, யாரு பிடிச்சா, எத்தன மணிக்கி, எழுதிக் குடுங்க” என்றார். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே. மூன்றையும் அடித்துவிட்டு, மனைவியைக் காணவில்லை என்று மட்டும் எழுதியிருக்கலாமே. எனக்கு அது தோன்றவே இல்லை. பதினெட்டு வருஷமாக அட்டையில் கட்டம் நிரப்பிய கை. வீடு பூட்டிக் கிடந்தால், நாய் கட்டிப் போட்டிருந்தால், கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தால் ஆபீஸில் பிடுங்கி எடுத்துவிடுவார்கள். போன தடவை எவ்வளவு, அதற்கு முந்தின தடவை எவ்வளவு என்று பார்த்து ஒரு உத்தேசத்தைப் போடு, அடுத்த தடவை சரிக்கட்டிக்கொள்ளலாம். அதே கை, அதே பேனா. இடம்: சுனையன்குறிச்சி விலக்கு பஸ் நிற்குமிடம். யார்: அந்தச் சரக இன்ஸ்பெக்டரும் அவருடைய ஆட்களும். நேரம்: பன்னிரண்டரை. கண்ணால் பார்த்தவன் மாதிரி அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். கவுண்டர்காரர் வாசித்துப் பார்த்துவிட்டு ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். அனுதாபம்தான், நம்பிவிட்டார், பாவம்.

அடுத்த தடவை எப்படிச் சரிக்கட்டுவாய் இதை? அவள் இப்போது வருகிற பஸ்ஸில் கைப்பையும் குடையுமாக இறங்கிவிட்டாள் என்று வை. என்ன சொல்வாய்? அவள் வக்கீல். போலீஸ்காரன் ஒருத்தனுக்கும் அவளைக் கண்டால் ஆகாது. எப்போது வழுக்குவாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வக்கீலம்மா சாட்சி பிச்சம்மாளின் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, வக்கீலம்மா புருஷன் தலைமை நீதிபதிக்குப் பொய்த் தந்தி கொடுத்திருக்கிறான் பாருங்கள் ஐயா என்று அந்தத் தந்தியையே கொண்டுபோய்க் கோர்ட்டில் நீட்டுவார்கள். எந்தத் தேதி முத்திரையை அழிக்க முடியாது என்று அவள் அத்தனை பெருமையாகச் சொல்வாளோ அதுவே அவள் கழுத்தைப் பிடிக்கும். இனிமேல் அவர்கள் குழுவிலிருந்து யார் தந்தி கொடுத்தாலும், ஆமா, அந்த மீட்டர்காரன் கதைதானே இதுவும் என்று குப்பையில் போடுவார்கள். நிஜமாகவே ஒருத்தரைப் பிடித்துக்கொண்டு போகிற அன்றைக்கும் போடுவார்கள். அந்தப் பையன், உச்சிமாகாளி, ராத்திரி விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போய் மறுநாள் வயிற்றுவலியில் செத்துவிட்டான் என்று பாயில் சுற்றிக் கொடுத்தார்களே, அவன் கேஸ் என்ன ஆகும்? நாளைக்குக் கோர்ட்டில் அவன் அம்மா பிச்சம்மாள் நின்று சொல்ல வேண்டும், அவளைக் கூட்டிக்கொண்டு வரத்தான் இன்றைக்கு இவள் போனதே. எல்லாம் என் உத்தேசத்தால் நாசம். என்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவார்கள், போகட்டும், எந்தக் காட்டிலும் மீட்டர் இருக்கும்.

எங்களுக்குள் ஆரம்பித்ததே இந்த உத்தேசத்தில்தான். அவர்கள் வீடு பூட்டியிருந்தது, நான் வழக்கம்போல ஒரு எண்ணைப் போட்டுவிட்டு வந்தேன். மறுவாரம் ஆபீஸுக்கு அட்டையோடு வந்து நின்றாள், லா காலேஜ் பிள்ளை, ரெட்டைச் சடை, நாங்க ஒரு மாசமா ஊர்லயே இல்ல, பல்பு தானா எரிஞ்சுச்சா ஸார் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவுக்குப் பின்னாலிருந்த மீட்டரை நிஜமாகவே எட்டிப் பார்த்து எழுதினேன். அவள் டார்ச் அடித்தாள். மீட்டரில் அடிக்கிறேன் என்று என் கண்ணில் அடித்தாள், வேண்டுமென்றேதான். இப்போது கேட்டாலும் இல்லை என்பாள். அந்தச் சிரிப்பு. அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருக்கிறோம் என்பதே எனக்கு இன்னும் பழகவில்லை, எத்தனை வருஷமானால் என்ன. என் மாதிரி ஆளுக்கு அவள் அதிகம். எல்லோரும் சொல்வார்கள், நானும் ஒத்துக்கொள்வேன். கர்த்தரே, இந்தத் தந்தி பொய்யாகவே போகட்டும். அவள் இறங்கட்டும், என்னைப் பஸ் ஸ்டாண்டிலேயே வைத்து ஏசட்டும், கூமுட்டை என்று சொல்லட்டும், நாலு பேர் பார்க்கட்டும்.

பக்கத்தில் ஒரு ஆள் வந்து உட்காருகிறார். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய கிராப்பு, காலில் பிரௌன் ஷூ. ஷூ. வேட்டி கட்டுகிற ஊரில் இந்த வெயிலில் ஷூ போடுகிறவன் யார்? மஃப்டிதான். தந்தி கொடுத்து அரை மணிகூட ஆகவில்லையே, அதற்குள்ளா? என்னையே பார்க்கிறார். நான் லாட்டரிக் கடை மைக்கைப் பார்க்கிறேன், நாளைக் குலுக்கல் நாளைக் குலுக்கல் என்று அது கத்துகிறது. “யாருக்குக் காத்திருக்கிய?” என்று கேட்கிறார். சும்மா, என்கிறேன். இந்த வெயிலில் சும்மா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்கிறவன் எவன் என்று எனக்கே தோன்றுகிறது. அவர் குனிந்து ஷூவைக் கழற்றி உள்ளேயிருந்து ஒரு கல்லைத் தட்டி எடுக்கிறார். “மக வீட்டுக்குப் போறேன். மாப்பிள்ளை எடுத்துக் குடுத்த ஷூ, போடாமப் போனா அவ வருத்தப்படுவா, போட்டா காலைக் கடிச்சுத் திங்கி” என்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து இருமலாகப் போய்விட்டது. தண்ணீர் குடிக்கியளா என்று கேட்கிறார், நல்ல மனுஷர். இந்த மாதிரி மனுஷர்களாகப் பார்த்து ஊரை நிரப்பியிருக்கக் கூடாதா?

அப்போதுதான் பார்த்தேன். டீக்கடை வாசலில் சிவப்புச் சைக்கிள், ஹேண்டில் பாரில் தோல் பை. தந்தி கொண்டுபோகிறவர். எனக்குத் தெரிந்தவர்தான், அவர் வீட்டு மீட்டரும் என் லைனில்தான் வருகிறது, மாசிலாமணி. ஒரு கையில் டீ, ஒரு கையில் வடை, பையன் பரீட்சையைப் பற்றிக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தப் பையில்தான் இருக்கும். கலெக்டர் ஆபீஸும் எஸ்.பி. ஆபீஸும் இதே ரோட்டில், கோர்ட்டைத் தாண்டி. இன்னும் போய்ச் சேரவில்லை. சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது போனதுதான், அது அங்கே எத்தனையோ காகிதத்தோடு கிடக்கும், பிறகு ஒரு கடிதம் எழுதிச் சமாளிக்கலாம். உள்ளூரில் நாற வேண்டியது இந்த இரண்டில்தான், இரண்டும் என் கண்முன்னால் வடை தின்றுகொண்டு நிற்கிறது. கால் தானாகப் போய்விட்டது. “என்ன அண்ணாச்சி, கரண்டு பில்லு கட்டிட்டேனே, பீஸைப் பிடுங்க வந்துட்டியளோ” என்கிறார் மாசிலாமணி. எனக்குச் சிரிக்க வரவில்லை. எஸ்.பி. ஆபீஸுக்கு ஒரு தந்தி இருக்குமே என்கிறேன். முகத்தைப் பார்த்தவுடன் அவருக்கும் சிரிப்புப் போய்விட்டது. “இருக்கு. கலெக்டருக்கும் இருக்கு. நீங்க குடுத்ததா? என்ன, தப்பா குடுத்துட்டியளா? அப்படின்னா இப்பமே சொல்லிருங்க. ஆபீஸ்ல ஒரு வரி எழுதிக் குடுத்தா நிறுத்திரலாம். நான் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்னா அதுக்குப் பொறவு ஒண்ணும் செய்ய ஏலாது.”

நிறுத்திவிடலாம். எத்தனை சுலபமாகச் சொல்கிறார். அடுத்த பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம்தான், அதுவரைக்கும் இவரை நிறுத்தி வைத்தால் போதும், இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தால்கூடப் போதும், பஸ்ஸில் அவள் இறங்கினால் நிறுத்து, இறங்காவிட்டால் கொண்டு போ. நியாயமான யோசனை. மாதரசியே இதைத்தானே சொன்னாள், அடுத்த பஸ்ஸையும் பாருங்கள் என்று. பிறகு ஏன் என் வாய் திறக்க மாட்டேன் என்கிறது? ஜீப் விலக்கில் நின்றது. சும்மா நின்றிருக்கலாம். ஜீப் என்றால் எங்கேயாவது நிற்கத்தானே செய்யும். சும்மா நின்றிருந்தால் நான் பொய்யன், வேலை போகலாம், அவள் முகத்தில் முழிக்க முடியாது, அவ்வளவுதான். அதுதான் ஆகக்கூடிய மோசம். அந்தப் பக்கம் போய் நினைத்துப் பார். சும்மா நிற்கவில்லை என்றால். நான் இங்கே நல்ல பேரைக் காப்பாற்றிக்கொள்ள டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அங்கே. அங்கே என்ன என்பதை நினைக்கப் போய் மனசு சட்டென்று நின்றுவிட்டது. மாடு இழுக்க இழுக்க வராமல் நிற்குமே, அப்படி. அந்தப் பையன் உச்சிமாகாளியின் போட்டோவை அவள் பைலில் ஒரு தடவை தெரியாமல் பார்த்துவிட்டேன். உள்ளங்கால் மட்டும்தான் பார்த்தேன். “நிறுத்த வேண்டாம்” என்றேன். என் குரல்தான், ரொம்ப சத்தமாக வந்தது. “டீயை அப்புறம் குடிங்க மாசிலாமணி. அதுல எழுதியிருக்கது எங்க வீட்ல உள்ளவளைப் பத்தி. வெரசாப் போங்க.” பாதி டீயை அப்படியே பலகையில் வைத்தார், வடையைக் கடைக்காரரிடம் திருப்பி நீட்டினார், ஏறிப் போய்விட்டார். நின்றுகொண்டு மிதித்தார், அந்த வயதில்.

பஸ் வந்தது. இந்தக் கண்டக்டர் வேறே ஆள். முதலில் ஒரு கோழிக் கூடை இறங்கியது, பிறகு நாலைந்து பெண்கள், ஒரு கிழவர், கைக்குழந்தையோடு ஒருத்தி, அப்புறம் டிரைவர் இறங்கி முகம் கழுவப் போனார். அவ்வளவுதான். நான் படியேறிப் பஸ்ஸுக்குள் போய்க் கடைசி சீட் வரைக்கும் பார்த்தேன், சீட்டுக்கு அடியில்கூடப் பார்த்தேன், அவள் என்ன சாவிக்கொத்தா சீட்டுக்கு அடியில் கிடக்க? இல்லை. நிஜமாகவே இல்லை. அந்த நிமிஷம் எனக்குள் ஒன்று நடந்தது, அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அப்பாடா என்று இருந்தது. ஒரு மூச்சு நேரம்தான், அப்பாடா, நான் பொய் சொல்லவில்லை என்று. அடுத்த மூச்சில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. என்ன பிறவிடா நீ. பொண்டாட்டியைப் பிடித்துக்கொண்டு போனால் உனக்கு நிம்மதியா? எழுதினேனே, நான் எழுதியதால்தான் நடந்துவிட்டதா? காலியாக விட்டிருந்தால் காலியாகவே இருந்திருக்குமா? பைத்தியக்காரத்தனம், மீட்டரில் நான் எழுதுகிற எண்ணுக்காக எந்த வீட்டிலாவது பல்பு எரிந்ததுண்டா? திரும்ப வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஷூக்காரர் போய்விட்டிருந்தார். நாலு மணிக்கு எங்கள் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவாள், கதவு பூட்டியிருக்கும், எதிர்வீட்டில் உட்கார்ந்து அம்மா எங்கே என்று கேட்பாள். நான் போய் நின்றால் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள், எனக்கு அவள் அம்மாவைப்போல மறைக்கத் தெரியாது, மாதரசி எதையும் மறைத்துவிடுவாள், காலையில் போகும்போதுகூடக் கறிவேப்பிலை வாங்கி வைங்க என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். கறிவேப்பிலை வாங்கவில்லை. இப்போது வாங்கி வைத்தால் என்ன, வாங்கி வைத்தால் அவள் வந்துவிடுவாளா, ஒருவேளை வந்துவிடுவாள், எழுந்து போய் ஒரு கொத்து வாங்கினேன். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெயில் இறங்கிப் பெஞ்சின் பாதி நிழலாகிவிட்டது. சுண்டல் வண்டிக்காரர் தேங்காய் துருவுகிறார். எல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது, ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை, சென்னைக்கும் கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் மட்டும் தெரியும்.

பிறகு வந்த பஸ்ஸை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பயம், வேறென்ன. தரையைப் பார்த்துக்கொண்டு இறங்குகிற கால்களை மட்டும் பார்த்தேன். ரப்பர் செருப்பு, வெறுங்கால், வெறுங்கால், ரப்பர் செருப்பு. பிறகு தேய்ந்துபோன ஒரு கறுப்புத் தோல் செருப்பு, வார் அறுந்து ஊக்குக் குத்தியது. அந்த ஊக்கு நான் குத்தியது. “என்னங்க, கறிவேப்பிலையைத் தலையில வைக்கப் போறியளா?” என்று குரல் கேட்டது. நான் எழுந்திருப்பதற்குள் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மாள், மஞ்சள் பையை மார்போடு பிடித்துக்கொண்டு. பிச்சம்மாள். நான் மாதரசியின் கையைப் பிடித்தேன், பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்கவில்லை. கை ஐஸாக இருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் அழுதேன். வெட்கமென்ன, நன்றாக அழுதேன்.

“போதும், ஆளுவ பாக்காவ” என்று முந்தானையை நீட்டினாள். பிறகு அவளால் அடக்க முடியவில்லை, சொல்லித் தீர்த்தாள். “விலக்குல வச்சுத்தான் ஏத்துனாவ. இன்ஸ்பெக்டரே வந்தாரு. விசாரிக்கணும் ஏறுங்கன்னாரு, சம்மன் எங்கன்னேன், பேச்சே இல்ல. வண்டி ஸ்டேஷனுக்குப் போவும்னு பாத்தா கால்வாய்க் கரைப் பக்கமாத் திரும்பிச்சுங்க. எனக்கு அப்பத்தான் பயம் வந்துச்சு. பிச்சம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டா. அந்த நேரம் பாத்து வயர்லெஸ்ல கேக்கான், சுனையன்குறிச்சி விலக்குல வச்சு வக்கீல் மாதரசியைப் பிடிச்ச வண்டி எது, எஸ்.பி. லைன்ல இருக்காரு, தந்தி வந்திருக்கு, கலெக்டரும் கேக்காரு, உடனே பதில் சொல்லுன்னு. இன்ஸ்பெக்டரு மூஞ்சியப் பாக்கணுமே. வயர்லெஸ்ஸப் பாக்காரு, என்னப் பாக்காரு, இப்பத்தானம்மா ஏத்துனோம்ங்காரு! டிரைவரைப் பிடிச்சு எவன்ல சொன்னதுன்னு ஒரே ஏச்சு. அப்புறம் என்ன, மரியாதைதான். வண்டியத் திருப்பி விலக்குக்குக் கொண்டுவந்து அவரே பஸ்ஸ மறிச்சு, ரெண்டு சீட்டு குடுங்கன்னு கண்டக்டர்கிட்ட கேட்டு ஏத்தி விட்டாரு.” மூச்சு வாங்கினாள். “சரியா விலக்குன்னு எழுதியிருக்கியளே, உங்களுக்கு யாரு சொன்னா? எங்களை ஏத்துனது மத்தியானச் சோறு தின்னு, பஸ்ஸ விட்டுட்டு, அதுக்கும் பொறவு. அதுக்குள்ள தந்தி எப்படி வந்திச்சு?”

சொல்லிவிட்டேன். ரசீதை எடுத்து நீட்டினேன், அதில் நேரம் இருந்தது. அவள் வாசித்தாள், திரும்ப வாசித்தாள். “இந்நேரம் நான் பிச்சம்மா வீட்டுல கருவாட்டுக் குழம்புல கை வச்சுட்டு இருந்தேன்” என்றாள். கோடு காலியா இருந்துச்சு, நானா போட்டேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏசப் போகிறாளா என்று தெரியவில்லை, பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், சுண்டல் வண்டிக்காரர் துருவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சிரித்து ஓய்ந்த பிறகு வக்கீல் முகம் வந்துவிட்டது. “இது என்னைக்காவது கோர்ட்டுல வந்துச்சுன்னா கூண்டுல ஏறி உண்மையச் சொல்லணும். பயத்துல நானா எழுதுனேன்னு சொல்லணும். சொல்லுவியளா?” சொல்லுதேன் என்றேன். இனிமே இப்படிச் செய்யாதிய என்றாள். சரி என்றேன். கையை மட்டும் விடவில்லை, நானும் சரி, அவளும் சரி.

பிச்சம்மாள் பையைப் பிடித்தபடியே எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள். “எம் மவனக் கூட்டிட்டுப் போவையில காலையில விட்டுருவோம்னாவ. நான் நம்பிட்டு சோறு வச்சுட்டு இருந்தேன். வாரான் வாரான்னே இருந்துட்டேன். இப்படி முன்னாலயே எழுதிப் போடலாம்னு எனக்குத் தெரியாமப் போச்சே ஐயா.” மாதரசி அவள் தோளில் கை வைத்தாள். பிச்சம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஜீப்புல அந்த இன்ஸ்பெக்டரு என்கிட்ட சொன்னாரு. கோர்ட்டுல சொல்லிட்டு நீ இந்த ஊருக்குத்தான வரணும், வக்கீலம்மாவா தினம் வந்து உன் வீட்டுல காவலுக்குப் படுப்பா அப்படின்னாரு. பஸ்ஸுல வரும்போதே, நாளைக்குக் கோர்ட்டுக்கு வரலன்னு வக்கீலம்மாகிட்ட எப்படிச் சொல்லன்னுதான் ரோசிச்சுட்டு வந்தேன்.” மாதரசியின் கை என் கைக்குள் இறுகியது. இந்த ஒரு சாட்சிதான் அந்தக் கேஸுக்கு, வேறு யாரும் இல்லை, எனக்கும் அது தெரியும். பிச்சம்மாள் என்னையே பார்த்துக் கேட்டாள், “நான் சொல்லிட்டு ஊருக்குத் திரும்பிப் போவையில எனக்கும் எழுதிப் போடுவியளா?”

“போடுதேன் தாயி.”

“எப்பம் போடுவிய?”

மாதரசி இருக்கிறாள் என்றும் பார்க்கவில்லை நான். “நீங்க பஸ்ஸு ஏறுததுக்கு முன்னாலயே போட்டுருதேன்” என்றேன். இப்போதுதானே இனிமே செய்யாதிய என்றாள், திட்டுவாள் என்று பார்த்தேன், அவள் வேறு பக்கம் திரும்பிச் சுண்டல் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிச்சம்மாள் மார்போடு பிடித்திருந்த பையை இறக்கி மடியில் வைத்தாள்.

“அப்பம் நான் கோர்ட்டுல சொல்லுதேன்” என்றாள்.